ஓடிடி சந்தா இருக்கும்போது வட்டு எதற்கு?

மூன்று ஓடிடி தளங்களுக்குச் சந்தா கட்டும் ஒருவர், இனியும் ப்ளூ-ரே (டிவிடிக்குப் பின் வந்த, அதைவிடத் தெளிவான பட வட்டு) வாங்குவதில் பொருள் உண்டா, அலமாரியை நிறைத்திருக்கும் டிவிடிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். ஒருமுறை பார்த்தால் போதும் என்று தோன்றும் படங்களுக்கு வட்டு தேவையில்லை. சில ஆண்டுகள் கழித்தும் பார்க்க விரும்புவீர்கள் என்று உறுதியாகத் தெரிந்த படங்களுக்கு, வட்டைவிட நம்பகமான வழி எதுவும் இன்று இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் "எது சிறந்தது" என்று கேட்பதால்தான் இந்த விவாதம் இருபது ஆண்டுகளாக முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

டிவிடி 1996-இன் இறுதியில் ஜப்பானிலும், 1997-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதே 1997-இல் தொடங்கப்பட்ட நெட்ஃபிளிக்ஸ், மறு ஆண்டிலிருந்து டிவிடிகளை உறையில் போட்டுத் தபாலில் வாடகைக்கு அனுப்பியது. தடிமனான விஎச்எஸ் வீடியோ கேசட்டை அப்படி மலிவாக அனுப்ப முடியாது. மெல்லிய, எடை குறைந்த வட்டு வந்த பிறகுதான் அந்தத் தொழிலே சாத்தியமாயிற்று. 2007 ஜனவரியில் அதே நிறுவனம் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கியது. 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி வட்டுகளை அனுப்பிவிட்டு, அதுவரை 520 கோடிக்கும் மேற்பட்ட வட்டுகளை அனுப்பியிருந்த அந்தப் பிரிவை மூடியது. வட்டை வளர்த்த நிறுவனமே வட்டுக்கு மாற்றையும் வளர்த்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மக்கள் எதைத் தேடிப் போனார்கள் என்பது புரியும். அவர்கள் சிறந்த படத்தரத்தைத் தேடிப் போகவில்லை. 2007-இல் இணையத்தில் வந்த படம் டிவிடியைவிட மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போய் வட்டை மாற்ற வேண்டியதில்லை, திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, நினைத்த நொடியில் படம் ஓடும் என்ற வசதிக்கு முன்னால் அந்த மங்கல் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

இந்த வசதியை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் ஏதாவது பார்க்கலாம் என்று உட்காருகிறவருக்கு, படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிக்கு, வேறொரு மொழியின் படங்களை அறியத் தொடங்கும் இளைஞருக்கு ஓடிடி தரும் வாய்ப்பை எந்த அலமாரியும் தர முடியாது. புதிய படங்களையும் தொடர்களையும் அறிமுகம் செய்துகொள்ள இதைவிட நல்ல கருவி இதற்கு முன் இருந்ததில்லை. பல தொடர்கள் வட்டாக வெளிவருவதே இல்லை என்பதால் அவற்றைப் பொறுத்தவரை போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

படத்தரத்துக்கு வருவோம். இரண்டிலுமே "4கே" என்று எழுதியிருக்கிறதே, பிறகு என்ன வேறுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். 4கே என்பது திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் புள்ளிகளை நிரப்ப நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பதை அது சொல்வதில்லை. ஒரு பெரிய ஓடிடி தளம் 4கே பார்ப்பதற்குப் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். அந்த வேகம் முழுவதும் படத்துக்கே பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மணி நேரப் படம் மொத்தம் 13.5 ஜிபிக்குள் அடங்கிவிடும். 2016-இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே வட்டின் கொள்ளளவு, வகையைப் பொறுத்து 50, 66 அல்லது 100 ஜிபி. பெரிய வட்டுகளிலிருந்து நொடிக்கு 100 மெகாபிட்டுக்கும் மேல் படிக்க முடியும். அதே படம், அதே 4கே. ஆனால் வட்டில் தரவு பல மடங்கு அதிகம்.

இந்த வேறுபாடு எல்லாக் காட்சிகளிலும் தெரியாது. பகல் வெளிச்சத்தில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்கூடப் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். இருட்டறை ஒன்றில் ஒரே ஒரு விளக்கு எரியும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு அருகில் சுவர் வெளிச்சமாகவும், விலக விலக மெல்ல மங்கியும், மூலையில் முழுக் கறுப்பாகவும் இருக்கிறது. தரவைச் சுருக்கும் மென்பொருள், கண் கவனிக்காது என்ற கணக்கில் இத்தகைய இடங்களில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கிறது. அதனால் மெல்ல மங்க வேண்டிய ஒளி, மரத்தின் வளையங்களைப் போலப் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். மூலையில் உள்ள கறுப்பில் சிறு சதுரங்கள் நெளியும். மூடுபனி, புகை, மழை, நீருக்கடியில் எடுத்த காட்சிகள், ஃபிலிமில் எடுக்கப்பட்ட பழைய படங்களின் நுண்ணிய துகள்கள் ஆகிய எல்லாவற்றிலும் இதே நிலைதான். ஒளிப்பதிவாளர் எந்த இடத்தில் அதிகம் பாடுபட்டாரோ, அந்த இடத்தில்தான் இழப்பும் அதிகம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு; ஏனெனில் பார்ப்பவர் அந்தக் குறையைச் சுருக்கத்தின் குறையாக எண்ணாமல், படமே அப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. ஓடிடியில் படம் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். அந்த நேரத்து இணைய வேகத்தைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று செயலி தானே முடிவு செய்கிறது. படம் தொடங்கிய முதல் சில நொடிகள் மசமசப்பாக இருந்து பிறகு தெளிவது இதனால்தான். இந்த முறை இல்லையென்றால் படம் அடிக்கடி நின்று நின்று ஓடும் என்பதால் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பார்க்கும் தரம் உங்கள் கையில் இல்லை என்பதும் உண்மை. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் எல்லோரும் வீட்டிலிருந்தபோது, இணையத்தின் சுமையைக் குறைக்கும்படி ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டதன் பேரில் நெட்ஃபிளிக்ஸ் அங்கே தன் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, குறைத்தது. அன்று அது நியாயமான முடிவு. அதே நாளில் வட்டில் படம் பார்த்தவருக்கு எந்த மாற்றமும் இல்லை.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட்டில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லாத ஒலித்தடங்கள் இருக்கும். ஓடிடியில் வருவது பெரும்பாலும் தரவில் ஒரு பகுதியை இழந்து சுருக்கிய டால்பி டிஜிட்டல் ப்ளஸ். அதில் உயர்ந்த தரம் என்று தரப்படுவதே நொடிக்கு 768 கிலோபிட் அளவுதான். தொலைக்காட்சியில் உள்ள ஸ்பீக்கரில் மட்டுமே கேட்கிறவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தனியாக ஆம்ப்ளிஃபயரும் நல்ல ஸ்பீக்கர்களும் வைத்திருப்பவருக்கு, படத்தில் உள்ள வேறுபாட்டைவிட ஒலியில் உள்ள வேறுபாடு விரைவில் புலப்படும்.

வட்டு என்ற ஒரே காரணத்தால் எல்லாமே மேலானவை என்று சொல்லிவிடவும் முடியாது. டிவிடியின் படம் 720-க்கு 480 அல்லது 720-க்கு 576 புள்ளிகள் கொண்டது. 4கே திரையில் உள்ள புள்ளிகள் அதைப்போல் குறைந்தது இருபது மடங்கு. இன்று ஒரு நல்ல ஓடிடி தளத்தில் வரும் எச்டி படம், அதே படத்தின் டிவிடியைவிடத் தெளிவானதுதான். பழைய படம் ஒன்றின் மூல நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்து சீரமைத்த பிரதி ஓடிடியில் இருக்க, உங்களிடம் இருப்பதோ கீறல் விழுந்த பிரிண்டிலிருந்து எடுத்த டிவிடி என்றால், சீரமைத்த பிரதியைப் பாருங்கள். நம்மிடம் இருக்கிறது என்பதற்காக மோசமான பிரதியைத் தூக்கிப்பிடிப்பது அந்தப் படத்துக்குச் செய்யும் நன்மை ஆகாது.

ஆனால் தரத்தை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்பதே என் கருத்து. இணைய வேகம் கூடும், சுருக்கும் முறைகள் மேம்படும். அந்த இடைவெளி ஒருநாள் மறைந்தே போகலாம். மறையாத வேறுபாடு வேறொன்றில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இணையக் கடையில் நான் ஒரு படத்தை வாங்கினேன். வாடகைக்கு எடுக்கவில்லை, "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தி, வட்டின் விலைக்குச் சற்றே குறைவான விலை கொடுத்து வாங்கினேன். இரண்டாண்டுகள் கழித்து, நண்பர் ஒருவருக்குக் காட்டலாம் என்று திறந்தபோது, பட்டியலில் படத்தின் பெயரும் போஸ்டரும் இருந்தன. ஓடவிடும் பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடந்தது. கீழே "இந்தப் படம் தற்போது கிடைக்கவில்லை" என்று ஒரு வரி. எழுதிக் கேட்டதற்கு, உரிமையாளருடன் இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றும், நான் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளில் இது உண்டு என்றும் பதில் வந்தது. நிபந்தனைகளைத் தேடிப் படித்தேன். அவர்கள் சொன்னது சரிதான். நான் வாங்கியது படத்தை அல்ல, அவர்களிடம் உரிமை இருக்கும் வரை அதைப் பார்ப்பதற்கான அனுமதியை.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில், வீடியோ கேம் கருவியான ப்ளேஸ்டேஷனின் இணையக் கடையில் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் பயனர்களின் கணக்குகளிலிருந்து நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, புதிய ஏற்பாடு ஏற்பட்டு, அந்த நீக்கம் அதே மாதத்தில் கைவிடப்பட்டது. ஆனாலும் நீக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாங்கிய படங்களை நிரந்தரமாக வைத்திருக்கும் பெட்டகம் என்று ஹாலிவுட் நிறுவனங்கள் பலவும் சேர்ந்து 2011-இல் தொடங்கிய அல்ட்ராவயலட் சேவை, 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. பலருடைய படங்கள் வேறு கடைகளின் கணக்குகளில் தொடர்ந்தன. கணக்குகளை இணைக்காமல் விட்டவர்கள் இழந்தார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கொடுப்பது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருள்களுக்கு "வாங்கு" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஒரு சொல்லுக்காகச் சட்டம் இயற்றும் நிலை வந்திருக்கிறது என்றால், அந்தச் சொல் எத்தனை பேரை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள்.

வட்டுக்குச் சட்டத்தில் இருக்கும் இடம் வேறு. ஒரு பிரதியை விற்றவுடன் அந்தப் பிரதியின் மீது உரிமையாளருக்கு இருந்த பிடி முடிந்துவிடுகிறது என்ற கொள்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல், ஒரு புத்தகத்தின் மறுவிற்பனை பற்றிய வழக்கில் உறுதிசெய்தது. பல நாடுகளின் சட்டங்களில் இது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. படத்தைப் பிரதியெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு வட்டை நீங்கள் விற்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வட்டையே வாடகைப் பொருளாக்கும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 1998-இல் அமெரிக்காவில் டிவ்எக்ஸ் (DIVX) என்ற பெயரில் வந்த வட்டுகள், முதல்முறை ஓடவிட்டதிலிருந்து 48 மணி நேரம் மட்டுமே இயங்கும். அதன் பிறகு மேலும் பணம் கட்ட வேண்டும். பிளேயர் தொலைபேசி இணைப்பின் வழியாக நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்பும். மக்கள் அதை ஏற்கவில்லை; 1999 ஜூனிலேயே நிறுவனம் அதைக் கைவிட்டது. அன்று மறுத்த அதே ஏற்பாட்டை, கண்ணுக்குத் தெரியும் பொருள் எதுவும் கையில் இல்லாத வடிவத்தில் வந்தபோது நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படம் மறைந்துபோவதைவிட எனக்குக் கவலை தருவது, படம் அப்படியே இருப்பதுபோல் தோன்றி உள்ளே மாறிவிடுவது. 1971-இல் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ஓர் அமெரிக்கப் படம், 2023-இல் சில தளங்களில் இனவெறிச் சொற்கள் கொண்ட ஒரு சிறு பகுதி நீக்கப்பட்டு ஓடியது. பார்வையாளர்கள் தாமே கவனித்துச் சொன்ன பிறகுதான் செய்தி ஆயிற்று. அந்தச் சொற்கள் இழிவானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைப் பேசும் பாத்திரம் எப்படிப்பட்டவன் என்று காட்டவே அவை அங்கே இருந்தன. பழைய வட்டு கையில் இருந்தவர், எது இருந்தது, எது இல்லை என்பதைத் தம் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. தளத்தில் உள்ள ஒரே பிரதி மாற்றப்பட்டால், மாற்றத்துக்கு முந்தைய வடிவம் பார்வையாளருக்கு எங்குமே இல்லை.

இத்தனை சொன்ன பிறகு, வட்டின் குறைகளை மறைத்தால் நான் நேர்மையாக விடை சொன்னவன் ஆக மாட்டேன். வட்டு அழியாத பொருள் அன்று. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளைப் பசையால் ஒட்டிய பொருள். தரவு இருக்கும் உலோகப் படலம் நடுவில் இருக்கிறது. பசை சரியில்லாவிட்டால், அல்லது ஓரத்தின் வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போனால், அந்தப் படலம் துருவைப் போலக் கெட்டுவிடும். 2006-க்கும் 2008-க்கும் இடையில் தயாரான வார்னர் நிறுவன டிவிடிகள் சில இப்படி ஓடாமல் போனதை அந்த நிறுவனமே 2025-இல் ஏற்றுக்கொண்டு, மாற்று வட்டு தர முன்வந்தது. உங்கள் அலமாரியில் அந்த ஆண்டுகளின் வட்டுகள் இருந்தால், இந்த வாரமே ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தொடக்கம் ஓடினால் போதாது. டிவிடியைப் படிப்பது உள் வளையத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகிறது. ஓரத்தில் சேதம் இருந்தால் படம் பாதியளவு போன பிறகுதான் தெரியலாம். பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகள் போன்ற புள்ளிகளோ, வெள்ளி நிறத்தில் திட்டுத் திட்டான மங்கலோ தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ப்ளூ-ரேயின் கட்டமைப்பு வேறு. டிவிடியின் சிவப்பு லேசருக்குப் பதிலாக 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஊதா லேசர் இதைப் படிக்கிறது. தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், அதன் மேல் கடினமான பூச்சு ஒன்று தரப்படுகிறது. அந்தப் பூச்சினால் எளிதில் கீறல் விழாது. ஆனால் ஆழமாக விழுந்துவிட்டால், டிவிடியைத் தேய்த்துச் சரிசெய்வதுபோல் இதைச் சரிசெய்ய முடியாது. எந்த வட்டாக இருந்தாலும், மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். தடத்தின் திசையிலேயே நீளமாக ஒரு கீறல் விழுந்தால், பிழையைத் திருத்தும் கணக்கு அதை ஈடுசெய்யத் திணறும்.

ஆனாலும் வட்டு கெடுவதைவிடப் பெரிய ஆபத்தாக நான் கருதுவது, அதை ஓட்டும் கருவி மறைவது. 2008-இல், ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடி என்ற வட்டு வகையைத் தோஷிபா கைவிட்டபோது, அந்த வட்டுகளை வாங்கியவர்கள் இதை நேரில் உணர்ந்தார்கள். நல்ல பிளேயர்களுக்குப் பெயர்பெற்ற ஓப்போ 2018-இல் அந்தத் தொழிலை நிறுத்தியது. சாம்சங் 2019-இல் ஒதுங்கியது. பிறகு எல்ஜியும் தன் ப்ளூ-ரே பிளேயர்களை நிறுத்தியது. சோனி, பானசோனிக் போன்ற சிலரையே இன்று நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் சோனி ப்ளூ-ரேயையே நிறுத்திவிட்டது என்று பரவிய செய்தி பிழையானது. நிறுத்தப்பட்டவை நாம் பதிவு செய்துகொள்ளும் வெற்று வட்டுகள், படங்களோடு அச்சாகி வருபவை அல்ல. கணினி இருக்கிறதே என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 4கே வட்டுகளை முறைப்படி கணினியில் ஓட்டுவதற்கு இன்டெல் சிப்பில் இருந்த ஒரு பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. 11-ஆம் தலைமுறை முதல் இன்டெல் தன் வீட்டுக் கணினிச் சிப்புகளிலிருந்து அதை எடுத்துவிட்டது. புதிய கணினி வாங்கினால் பழைய வட்டு ஓடாமல் போகும் விந்தையான நிலை இது.

எனவே கேட்டவருக்கு என் யோசனை இது. முதலில் டிவிடிகளைப் பிரித்தெடுங்கள். ஓடிடியிலும் கடையிலும் நல்ல பிரதியாக எளிதில் கிடைக்கும் படங்களின் டிவிடிகளை, விருப்பமில்லை என்றால் கொடுத்துவிடலாம். வேறெங்கும் கிடைக்காதவை, இயக்குநரின் விளக்க உரையோ நீக்கப்பட்ட காட்சிகளோ அந்த வட்டில் மட்டும் உள்ளவை, பிற்பாடு வெட்டப்பட்ட படங்களின் முழு வடிவங்கள் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். தரம் குறைவாக இருந்தாலும் அவை உங்களிடம் இருக்கட்டும். புதிதாக வட்டு வாங்குவதை, மறுபடியும் பார்க்கத் தேடும் படங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு தளத்தில் இரண்டாம் முறையாக ஒரு படத்தைத் தேடிப் போகிறீர்கள் என்றால் அதை வட்டாக வாங்கும் நேரம் வந்துவிட்டது. சந்தா மூன்று வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றொன்று என்று மாற்றிக்கொண்டால், மிச்சமாகும் தொகையிலேயே ஆண்டுக்குச் சில வட்டுகள் வாங்கிவிடலாம். ஆனால் அந்தத் தொகையில் முதலில் வாங்க வேண்டியது வட்டு அல்ல. டிவிடி, ப்ளூ-ரே, 4கே மூன்றையும் ஓட்டும் தனிப் பிளேயர் ஒன்று. இருப்பது பழையதாகி, தட்டு வெளியே வரத் தயங்குகிறது என்றால், அது முழுமையாக நின்றுபோகும் வரை காத்திருக்காமல், கடைகளில் இன்னும் கிடைக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.